மணிலா போய் வந்த பெரியநாயகி

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம், முகாசாபரூரை ஒட்டிய சின்ன ஊர் கோணான்குப்பம். ஜனவரியில் மாதா கோயிலில் கொடியேறினால் நாலா திசையிலிருந்தும் ஜனம் வந்து குவியும். தேர் ஓடி முடிந்ததும் ஊர் பழையபடி அடங்கிவிடும். தேரில் வருபவள் பெரியநாயகி மாதா. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கு வழங்கும் பெயரும் அதுதான். இது தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை. பெயர் வைத்தவர் இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர். சதுரகராதி எழுதிய மனிதர் ஒரு பெயரை யோசிக்காமலா வைத்திருப்பார்?

கையில் குழந்தை, உடம்பில் சேலை, தமிழ்ப் பெண்ணின் கோலம். உள்ளூர் ஆசாரியின் உளியில் பிறந்தவள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்தச் சுரூபம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் செய்யப்பட்டு, வங்கக் கடலைத் தாண்டி வந்தது என்று சொல்கிறது முனிவரைப் பற்றிய பழைய வரலாறு.

அந்த வரலாற்றை எழுதியவர் முத்துசாமிப் பிள்ளை. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றியவர். வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேடிக்கொண்டு வரும்படி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை 1816இல் அவரைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். ஊர் ஊராகப் போய் ஏடுகளோடு செய்திகளையும் சேர்த்து வந்தவர், 1822இல் முனிவரின் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். 1840இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. முனிவர் மாதாவைத் தமிழ்ப் பெண் உடையில் படமாக அமைத்தார், அதை மயிலாப்பூர் ஆயரிடம் கொடுத்தார், ஆயர் மணிலாவுக்கு அனுப்பி அந்தப் படத்தின்படி சுரூபம் செய்வித்துத் தருவித்தார், முனிவர் அதைக் கோணான்குப்பத்துக் கோயிலில் வைத்தார். இதுதான் அவர் சொல்லும் கதை.

பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முனிவர் 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று எழுதியிருக்கிறார். இயேசு சபையின் ஆவணங்களோ 1747 பிப்ரவரி 4, கேரளத்து அம்பழக்காடு என்கின்றன. ஐந்து வருஷமும் ஒரு மலைத்தொடரும் தள்ளிப் போயிருக்கிறது. ஆனாலும் மணிலாக் கதையை நான் நம்புகிறேன். காரணம் பக்தியல்ல, அன்றைய துணி வியாபாரம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரைக்கு மணிலா எட்டாத ஊர் இல்லை. இங்கிருந்து துணி மூட்டைகள் போகும். மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவில் கொண்டுவந்து கொட்டிய வெள்ளி இங்கே திரும்பும். ஸ்பானியர்கள் தங்கள் துறைமுகத்தில் ஆங்கிலேயரை அனுமதிக்கவில்லை. ஆங்கிலேயர் சும்மா இருந்தார்களா? ஆர்மீனியர், போர்த்துகீசியர், முஸ்லிம் வணிகர் ஆகியோரின் பெயரிலும் கொடியிலும் கப்பலை அனுப்பினார்கள். கத்தோலிக்கரான ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பணம் பார்த்து, பிறகு சென்னையில் வந்து அமர்ந்தார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டியவர் அவர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. சென்னைக்காரர்கள் இன்றும் அந்த இடத்தில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள், மணிலா வெள்ளிக்கு நன்றி சொல்லாமல்.

மணிலாக் கோட்டைச் சுவருக்கு வெளியே பரியான் என்ற சீனர் குடியிருப்பு இருந்தது. தந்தத்திலும் மரத்திலும் மாதா, குழந்தை இயேசு, புனிதர் உருவங்களைச் செதுக்குவதில் அங்கிருந்த கைவினைஞர்கள் பேர் வாங்கியவர்கள். அவர்கள் செய்த சுரூபங்கள் மெக்சிகோவுக்கும் ஸ்பெயினுக்கும் கப்பலேறின. மயிலாப்பூர் ஆயருக்கு நல்ல சுரூபம் தேவை என்றால், லிஸ்பனைவிட மணிலா கிட்டத்தில் இருந்தது, வேலையும் சுத்தம்.

போகவரக் காற்று ஒத்துழைக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்றில் சென்னைக் கரையை விட்டுக் கிளம்பும் கப்பல், மலாக்கா நீரிணை வழியாக மணிலா சேர்ந்து, வடகிழக்குக் காற்று வீசும் காலத்தில்தான் திரும்ப முடியும். ஆக, ஒரு படம் போய்ச் சுரூபமாகத் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழக் கடலில் நிற்கும்; கயிற்றால் தைத்த சலங்குகளில் சரக்கை இறக்கி, அலையின் மேல் ஏறி இறங்கிக் கரை சேர்ப்பார்கள். அப்புறம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழி.

சேலையைப் பற்றி யோசிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் வியப்பும் வருகின்றன. படத்துக்கு யோசனை கொடுத்தவர் 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, 1710இல் கோவா வந்து, அதற்குப் பிறகு தமிழ் படித்த துறவி. செதுக்கியவர்கள் தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பே இல்லாதவர்கள். படத்தில் முன்பக்கம்தான் இருந்திருக்கும். முந்தானை முதுகில் எப்படி விழும், கொசுவம் எங்கே செருகப்படும் என்பதையெல்லாம் மணிலாக்காரர் யூகித்தே தீர்த்திருக்க வேண்டும். இரண்டு அந்நியர்கள், ஒரு கடலின் இரண்டு கரையில் இருந்துகொண்டு, விருத்தாசலத்துப் பெண் ஒருத்தியை உருவாக்க முயன்றிருக்கிறார்கள். ஜனம் அவளைத் தன்னவளாக ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தில் மாதாவுக்குச் சேலை கட்டுவது ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்ற இயேசு சபைத் துறவி, காவியும் சைவச் சாப்பாடுமாகத் தொடங்கிவைத்த வழி அது. அது சரியா என்ற சண்டை நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. 1704இல் பாப்பரசரின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டே உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணை போட்டார். 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அந்த வழக்கை ஒரேயடியாக முடித்தார், பெரும்பாலும் தூர்னோன் பக்கமாக. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் பெரியநாயகி கப்பலேறினாள். தாலியும் திருநீறும் விசாரணையில் நின்றபோது சேலை மட்டும் கடல் தாண்டி உள்ளே வந்துவிட்டது. விசாரித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். உடையை யார் பார்த்தார்கள்!

கோணான்குப்பத்து ஜனங்களிடம் கேட்டால் மணிலா முதலில் வராது. அவர்கள் சொல்லும் கதையில் வீரமாமுனிவர் மாதா சுரூபத்தோடு காட்டு வழியே வருகிறார். அலுத்துப்போய் மரத்தடியில் கண்ணயர்கிறார். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் சுரூபத்தை எடுத்துப் புதரில் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். முனிவர் தேடித் தேடிப் பார்த்துவிட்டு மனமுடைந்து போய்விடுகிறார். பிள்ளையில்லாத கவலையில் இருந்த முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயரின் கனவில் மாதா தோன்றி, தனக்கு இங்கே கோயில் கட்டினால் குறை தீரும் என்கிறாள். சுரூபம் கிடைக்கிறது, பிள்ளை பிறக்கிறது, கோயில் எழும்புகிறது. திரும்பி வந்த முனிவர் ஆனந்தப்படுகிறார்.

புற்றிலிருந்து வந்த லிங்கம், புதரிலிருந்து வந்த அம்மன் என்று நம்மூர்த் தலபுராணங்களில் கேட்ட கதைதான். ஆனால் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டு மணிலாவை மட்டும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பலில் வந்த சுரூபம் ஆயருக்கும் முனிவருக்கும் சொந்தம். ஊருக்குச் சொந்தமாக வேண்டுமென்றால் அது ஊரின் புதரில் ஒருமுறை தொலைந்து, ஊரின் கனவில் வந்து, ஊர்த்தலைவன் வீட்டில் ஒரு பிள்ளையைக் கொடுத்தாக வேண்டும். பாளையக்காரர் ஆதரவு இல்லாமல் அன்றைக்கு ஒரு கோயிலும் எழும்பியிருக்காது என்ற அரசியல் உண்மையும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

இயேசு சபையின் மதுரை மறைத்தளத்து அக்காலக் கோயில்களில் பெரும்பாலானவை மண் சுவரும் கூரையும்தான். படை வந்தால் எரியும்; அடங்கியதும் மறுபடி கட்டுவார்கள். கிராமத்து மாதா கோயில்களில் சுவர் மாறும், கூரை ஓடாகும், ஓடு கான்கிரீட்டாகும். கோபுரத்தை ஒரு பங்குச் சாமியார் எழுப்புவார், அடுத்தவர் முகப்பை இடித்துக் கட்டுவார். கோயிலுக்கு வயது என்ன என்று கேட்டால் ஊரார் சுரூபத்தின் வயதைச் சொல்வார்கள். கட்டடக்கலை மாணவர்களுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

அமைப்பிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வாசலுக்கு நேரே கொடிமரம், அதற்கு நேராக உள்ளே பீடம், பக்கத்தில் தேர்க்கொட்டகை, தேர் திரும்புவதற்கென்று விட்ட தெரு அகலம். பீடத்துச் சுரூபம் பல ஊர்களில் அசையாது. தேரேற வேறொன்று உண்டு. மூலவர், உற்சவர் என்ற பெயர்களைச் சொல்லமாட்டார்கள், ஏற்பாடு அதுதான். பூசை உரோமையின் முறை, திருவிழா விருத்தாசலத்து முறை.

கோணான்குப்பத்துக்கு நேர் எதிரான பயணம் ஒன்று திருநெல்வேலிச் சீமையில் நடந்தது. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் ஒரு கோயிலுக்கு அடித்தளம் போட்டார். சீர்திருத்த சபைக்காரர், அவருக்குச் சுரூபம் வேண்டாம், கூர்வளைவு வைத்த காத்திக் பாணிக் கட்டடம் வேண்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கு அந்த மாதிரி ஜன்னல் எப்படி இருக்கும் என்று தெரியாது. வரைபடம் காட்டினாலும் விளங்காது. கால்டுவெல் களிமண்ணைப் பிசைந்து ஜன்னலுக்கும் நிலைக்கும் தன் கையாலேயே மாதிரி செய்து கொடுத்தார். அதைப் பார்த்துக் கொத்தனார்கள் கட்டினார்கள். காசு வரும்போது வேலை, இல்லாதபோது ஓய்வு; இடையில் 1876இன் தாது வருஷப் பஞ்சம் வேறு. முப்பத்து மூன்று வருஷம் கழித்து 1880 ஜூலையில்தான் கோயில் பிரதிஷ்டையானது. 1891இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லைக் கொண்டுவந்து அந்தப் பீடத்தின் அடியில்தான் புதைத்திருக்கிறார்கள். தமிழச்சியைப் பார்க்காதவர்கள் தமிழ் மாதாவைச் செய்தார்கள். இங்கிலாந்தைப் பார்க்காதவர்கள் இங்கிலாந்துக் கோயிலைக் கட்டினார்கள். இரண்டிலும் இடைவெளியைக் கையால் நிரப்பியவர்களின் பெயர்கள் கிடைப்பதில்லை.

எல்லா மாதிரியும் வெளியிலிருந்து வரவேண்டியதும் இல்லை. அதே திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கத்தோலிக்கர் கட்டிய கோயிலுக்கு இரண்டு நடைகள். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். கால்சட்டையை விரித்துப் போட்டது போன்ற தரைப்படம். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார், நடுவில் சுவர். 1910வாக்கில் சுவரை இடித்ததும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தப் படத்தை வரைய எந்தக் கப்பலும் மணிலா போகவில்லை. ஊரில் ஏற்கெனவே போட்டிருந்த கோட்டின் மேலேயே செங்கல் அடுக்கினார்கள்.

இன்றைக்குச் சென்னை–அரக்கோணம் ரயில் பாதையோரம், வேப்பம்பட்டு, திருநின்றவூர் பக்கம், மனைப்பிரிவுகளுக்கு நடுவே எழும் கோயில்களில் ஃபைபர் சுரூபம் வண்டியில் வந்து இறங்குகிறது. அச்சு ஒன்று, உருவம் ஆயிரம். பெயிண்டு பளபளக்கிறது, எடையும் குறைவு. எந்த உடை, எந்த முகம் என்று யாரும் படம் வரைந்து அனுப்ப வேண்டியதில்லை. விலைப்பட்டியலைப் பார்த்து அளவைச் சொன்னால் போதும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. புறநகரில் கடன் வாங்கி மனை வாங்கிய குடும்பங்கள் கூடிக் கட்டும் கோயிலுக்கு மணிலா ஆசாரியைத் தேடு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரு ஊர் தனக்கென்று ஒரு முகத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கே முடிந்துபோகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோணான்குப்பத்தை விட்டு முனிவர் போனதற்குப் பின், 1773இல் பாப்பரசர் இயேசு சபையையே கலைத்தார். 1776இல் பாரிஸ் மறைத்தூதுச் சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் பொறுப்பேற்றார்கள். இன்று கோணான்குப்பம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் இருக்கிறது. கைமாறிய காலத்தில் பெரியநாயகியின் சேலையை யாரும் கழற்றவில்லை.

அவளுக்கென்று முனிவர் செய்த இன்னொரு காணிக்கை தேம்பாவணி, சூசையப்பரை நாயகனாக வைத்து 3615 பாடல். 1726இல் முடிந்த காப்பியம், அதாவது பெட்ரூஸ் உஸ்கான் பாலம் கட்டிய அதே வருஷம். மணிலா போகவர ஒரு வருஷம் போதுமாயிருந்தது. ஓலைச்சுவடியிலிருந்த தேம்பாவணி, புதுவை மாதா கோயில் அச்சுக்கூடத்தில் மூன்று காண்டமும் 1851 முதல் 1853 வரை அச்சேற, நூற்றிருபத்தைந்து வருஷம் காத்திருந்தது.