"மாமா, லினக்ஸ்ல வீடியோ ஓடாதா?" – ஒரு கருப்புப் பெட்டியின் வரலாறு

2023 பொங்கல் லீவு. பொள்ளாச்சியிலிருந்து அக்கா மகன் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். விண்டோஸ் திறந்து முடிக்கவே பத்து நிமிஷம் எடுக்கிற மெஷின். நான் வழக்கமாகக் கொடுக்கும் மருந்தையே கொடுத்தேன்: ஃபெடோரா 37. ஒரு மணி நேரத்தில் மெஷின் புதுசு மாதிரி ஓட ஆரம்பித்தது. அவனுக்கு சந்தோஷம், எனக்கு அதைவிட சந்தோஷம்.

ஊருக்குப் போனவன் மறுநாள் போன் பண்ணினான். "மாமா, யூட்யூப் ஓடுது. ஆனா காலேஜ் லெக்சர் வீடியோ ஒண்ணுமே ஓடல. கருப்புப் பெட்டிதான் வருது. அடுத்த வாரம் பரீட்சை. லினக்ஸ்ல வீடியோ ஓடாதா?"

சரிசெய்ய பத்து நிமிஷம்தான் ஆனது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொன்னேன். ஃபெடோராவோடு வந்த கத்தரித்த எஃப்எஃப்எம்பெக்கை எடுத்துவிட்டு, அங்கிருந்து முழு எஃப்எஃப்எம்பெக்கைப் போடச் சொன்னேன். பிரவுசரை மூடித் திறந்தான். ஓடியது. அதற்குப் பிறகு அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "இவ்வளவுதானா? அப்ப இதை ஏன் மாமா அவங்களே போட்டுத் தரல?"

"பேட்டன்ட் பிரச்சினைடா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். அது சரியான பதில்தான், ஆனால் முழுப் பதில் இல்லை. அதற்குப் பிறகு பழைய அறிவிப்புகள், மடலாடல்கள், பிழைப் பதிவுகள் என்று தோண்டியதில் கிடைத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஃப்ளாஷ் காலம்

யூட்யூப் 2005-ல் தொடங்கியபோது பிரவுசருக்குச் சொந்தமாக வீடியோ காட்டத் தெரியாது. ஃப்ளாஷ் என்ற ப்ளக்இன்தான் காட்டும். அதன் மூலநிரல் வெளியில் கிடையாது. அந்த நிறுவனம் தொகுத்துக் கொடுக்கும் கோப்பை இறக்கி, ப்ளக்இன் ஃபோல்டரில் போட்டுக்கொள்ள வேண்டும். லினக்ஸுக்கு ஃப்ளாஷ் 7 வந்தது, 8 வரவே இல்லை. 9 வந்தது 2007 ஜனவரியில். அதுவும் 32 பிட் மட்டும். 64 பிட் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் என்எஸ்ப்ளக்இன்ராப்பர் என்ற ஒட்டுவேலையைப் போட்டு ஓட்டினோம். பாதிப் பாட்டில் சாம்பல் நிறமாகி நின்றுவிடும். எத்தனை ராத்திரி இதில் போயிருக்கிறது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தின் மொத்தக் கதையும் அடங்கிய ஒரு சம்பவம் 2010 கடைசியில் நடந்தது. ஃபெடோரா 14 வெளியானதும், 64 பிட் ஃப்ளாஷில் பாட்டு கேட்டவர்களுக்கு ஒலி கரகரவென்று சிதைந்து வந்தது. ஃப்ளாஷ் மாறவில்லை. மாறியது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். அதில் நினைவகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரவை நகலெடுக்கும் 'மெம்காப்பி' என்ற செயல்கூறை, புதிய இன்டெல் சிப்புகளில் வேகமாக ஓட மாற்றி எழுதியிருந்தார்கள். புதிய வடிவம் சில நேரம் பின்னாலிருந்து முன்னாக நகலெடுக்கும்.

அதில் என்ன தப்பு? பந்தியில் பத்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரு இடம் இடப்பக்கம் நகர வேண்டும். இடது கோடியில் இருப்பவர் முதலில் நகர்ந்தால் சிக்கல் இல்லை. வலது கோடியிலிருந்து ஆரம்பித்தால் ஒருவர் மடியில் ஒருவர்தான். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, 'மெம்மூவ்' என்ற வேறொன்று இருக்கிறது என்று சி மொழித் தரம் தெளிவாகச் சொல்கிறது. ஃப்ளாஷ் எழுதியவர்கள் தப்பானதைக் கூப்பிட்டிருந்தார்கள். பல வருஷம் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது.

இதைத் துப்பறிந்தவர்களில் ஒருவர் லினஸ் டோர்வால்ட்ஸ். தன் மெஷினிலேயே சோதித்து, பழைய மாதிரி நகலெடுக்கும் ஒரு குட்டி மாற்று நிரலையும் ஃபெடோராவின் பிழைப் பதிவில் எழுதிப் போட்டார். அங்கே பெரிய விவாதம். தரத்தை மீறியது ஃப்ளாஷ், நாங்கள் ஏன் மாற வேண்டும் என்பது நூலகத்தார் பக்க வாதம். பாட்டு கேட்கிறவருக்கு யார் தப்பு என்பது முக்கியமில்லை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் முக்கியம் என்பது லினஸ் பக்க வாதம். கடைசியில் ஜிலிப்சி 2.14-ல், பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுக்கும் நிரல்களுக்குப் புதியது என்று பிரித்துச் சமாதானம் ஆனது.

எனக்கு இதில் உறைத்தது வேறு. அந்தச் சொல்லை மாற்றினால் போதும் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மாற்றும் உரிமை ஒரே ஒரு நிறுவனத்திடம்தான் இருந்தது. அந்த நிறுவனமான அடோபி 2012 பிப்ரவரியில், லினக்ஸுக்கு 11.2-தான் கடைசிப் பெரிய பதிப்பு, இனிமேல் கூகுள் க்ரோமோடு மட்டும்தான் என்று அறிவித்தது. (2016-ல் மனம் மாறித் திரும்பி வந்தது தனிக்கதை.) 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷே முடிந்துபோனது.

வீடியோ குறியும் அதன் ஓட்டையும்

ப்ளக்இன் தொல்லைக்கு மாற்று 2007-லேயே பேசப்பட்டது. ஓப்பரா நிறுவனத்தைச் சேர்ந்த ஹோகோன் வியும் லீ (சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தவரும் இவர்தான்) படத்துக்கு ஒரு குறி இருப்பதுபோல் வீடியோவுக்கும் ஒரு குறி வேண்டும் என்று முன்மொழிந்தார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. சண்டை வந்தது அடுத்த கேள்வியில்: அந்தக் குறிக்குள் எந்த வடிவத்தில் வீடியோ?

எச்டிஎம்எல்5 வரைவு முதலில் ஆக் தியோரா என்ற கட்டணமில்லா வடிவத்தைப் பரிந்துரைத்தது. நோக்கியா எதிர்த்தது. 2007 டிசம்பரில் அந்த வரி எடுக்கப்பட்டது. 2009 ஜூனில் வரைவின் ஆசிரியர் இயன் ஹிக்சன், பிரவுசர்காரர்கள் எந்த ஒரு வடிவத்திலும் ஒத்துப்போகாததால் வடிவத்தைக் குறிப்பிடாமலே விடுகிறேன் என்று எழுதினார். சஃபாரி எச்.264 மட்டும், ஃபயர்ஃபாக்ஸ் 3.5 தியோரா மட்டும், க்ரோம் இரண்டும். கல்யாண மண்டபத்தைக் கட்டிவிட்டு வாசல் எந்தப் பக்கம் என்று முடிவுபண்ணாமல் விட்ட மாதிரி.

எச்.264 தரத்தில் நல்ல வடிவம். ஆனால் அதைச் சுற்றிப் பல நிறுவனங்களின் பேட்டன்ட்கள். எம்பெக் எல்ஏ என்ற அமைப்பு எல்லோருக்கும் சேர்த்துக் கட்டணம் வசூலித்தது. வருஷத்துக்கு ஒரு லட்சம் பிரதி வரை இலவசம். அதற்கு மேல் பிரதிக்கு 20 சென்ட், 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட். ஒரு நிறுவனத்துக்கு வருஷ உச்சவரம்பும் உண்டு, 2010-ல் அது 50 லட்சம் டாலர்.

"மொசில்லாகிட்ட காசு இருந்ததே, கட்டித் தொலைச்சிருக்கலாமே" என்று அப்போது நானும் நினைத்தேன். விஷயம் பணம் மட்டுமில்லை. மொசில்லா வாங்கும் உரிமம் மொசில்லா கொடுக்கும் பிரதிக்குத்தான். ஃபயர்ஃபாக்ஸின் நிரலை எடுத்துத் தானே தொகுத்துத் தரும் டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ அது போகாது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற திறந்த மூல ஏற்பாட்டின் அஸ்திவாரத்திலேயே அது இடித்தது.

2010 மே மாதம் கூகுள், தான் வாங்கிய ஆன்2 நிறுவனத்தின் விபி8 வடிவத்தை இலவசமாகத் திறந்துவிட்டது. 2011 ஜனவரியில் க்ரோமிலிருந்து எச்.264-ஐ எடுத்துவிடுவோம் என்றது. எடுக்கவே இல்லை. இதற்குள் மொபைல் போன்கள் எல்லாம் எச்.264 சர்க்யூட்டோடு வந்து குவிந்தன. 2012 மார்ச்சில் மொசில்லா இறங்கிவந்தது. நாங்கள் கோடெக் தரமாட்டோம், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்திக்கொள்வோம் என்ற வழிக்கு வந்தது.

அந்தக் கருப்புப் பெட்டி பிறந்த இடம் இதுதான். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கட்டணம் கட்டிக் கோடெக்கை வைத்திருக்கிறது. போனில் தயாரிப்பாளர் வைத்திருக்கிறார். லினக்ஸில்? சிஸ்டத்தில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. முதலில் ஜிஸ்ட்ரீமர் வழியாகவும் பிறகு எஃப்எஃப்எம்பெக் வழியாகவும் ஃபயர்ஃபாக்ஸ் தேடும். ஃபெடோராவின் பின்னால் இருப்பது ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம், அதனால் பேட்டன்ட் உள்ள கோடெக்கை அது சேர்க்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2008-ல் மூன்று தன்னார்வக் களஞ்சியங்கள் ஒன்றுசேர்ந்து ஆர்பிஎம் ஃப்யூஷன் ஆனது. சட்டம் அமெரிக்காவுடையது, கருப்புப் பெட்டி தெரிவது பொள்ளாச்சியில்.

யூட்யூப் மட்டும் ஏன் ஓடியது? அது ஒரே வீடியோவை விபி9, ஏவி1 போன்ற கட்டணமில்லாத வடிவங்களிலும் வைத்திருக்கிறது. அவ்வளவு வடிவங்களில் வைக்க ஒரு கல்லூரிக்கு வசதி ஏது? ஒரே ஒரு எம்பி4 கோப்பு. உள்ளே எச்.264 படம், ஏஏசி ஒலி.

நடுவில் 2013 அக்டோபரில் சிஸ்கோ ஒரு விநோதமான உதவி செய்தது. ஓபன்எச்264 என்ற நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டு, தான் தொகுத்துத் தன் சர்வரில் வைத்திருக்கும் கோப்புக்கு மட்டும் பேட்டன்ட் கட்டணத்தைத் தானே கட்டியது. அதே நிரலை நீங்களே தொகுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது! 2014-ல் ஃபயர்ஃபாக்ஸ் 33 அதை வீடியோ அழைப்புகளுக்கு எடுத்துக்கொண்டது. ஏஏசி ஒலிக்கு அதில் வழி இல்லை.

இன்னும் இரண்டு பூட்டுகள்

ஓடிடி தளங்களின் கதை வேறு. அங்கே பூட்டு கோடெக்கில் இல்லை, பிரதி எடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம்மில். அதற்கான இஎம்இ என்ற இடைமுகத்தை 2012-ல் கூகுள், மைக்ரோசாஃப்ட், நெட்ஃப்ளிக்ஸ் சேர்ந்து முன்மொழிந்தன. 2017 செப்டம்பரில் டபிள்யூ3சி அதை ஏற்றது, அதே நாளில் இஎஃப்எஃப் அமைப்பு டபிள்யூ3சியிலிருந்து விலகியது. லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸுக்கு வைட்வைன் என்ற மூடிய துண்டு 2016-ல், 49-ஆம் பதிப்பில் வந்தது. ஃப்ளாஷை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, அதன் தம்பியை ஜன்னல் வழியாக உள்ளே விட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, ஃபேன் கத்துவது. லேப்டாப் சிப்பிலேயே வீடியோ விரிக்கும் சர்க்யூட் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம். ஆனால் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸ் ரொம்ப காலம் அதைத் தொடவே இல்லை, எல்லாம் சிபியு தலையில். ரெட் ஹாட்டின் மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்கி உழைப்பில் 2020-ல் வேலாண்டிலும் பிறகு எக்ஸ்11-இலும் விஏ-ஏபிஐ வசதி வந்தது. இன்டெல் சிப்புகளுக்கு அது தானாகவே இயங்க ஆரம்பித்தது 2023 ஜூலையில், 115-ஆம் பதிப்பில். இதற்கிடையில் 2022 செப்டம்பரில் ஃபெடோரா, பேட்டன்ட் பயத்தால் தன் மெசா ட்ரைவரில் எச்.264, எச்.265 வசதியை அணைத்துவிட்டது. ஏஎம்டி வைத்திருந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். மறுபடியும் ஆர்பிஎம் ஃப்யூஷன்தான் கைகொடுத்தது.

இந்த வரலாறு தெரிந்ததில் ஒரு நடைமுறை லாபம்: எந்தப் பூட்டு என்று அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம். யூட்யூப் ஓடி, எம்பி4 ஓடாவிட்டால் கோடெக். ஓடிடி தளம் மட்டும் மறுத்தால், ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் டிஆர்எம்மை அனுமதிக்கும் டிக். எல்லாம் ஓடியும் திணறி, சூடாகி, பேட்டரி கரைந்தால் ட்ரைவர். விஏஇன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்தால், சிப் எந்தெந்த வடிவத்தை விரிக்கும் என்று பட்டியல் வரும். மூன்றையும் குழப்பிக்கொண்டு வலையில் கிடைக்கிற கட்டளையையெல்லாம் ஒட்டினால் இருப்பதும் போய்விடும். நான் போக்கியிருக்கிறேன்.

பேட்டன்டுக்கு ஆயுள் உண்டு. விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 வருஷம். எம்பி3-க்கு இப்படித்தான் 2017 ஏப்ரலில் உரிம வசூல் முடிந்தது, ஃபெடோராவும் அதை முழுமையாகச் சேர்த்துக்கொண்டது. இன்று யாருக்கும் அது ஒரு பிரச்சினையாக இருந்ததே ஞாபகம் இல்லை. எச்.264 தரம் வெளியானது 2003-ல். நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

மருமகன் பரீட்சை எழுதிவிட்டான். அடுத்த லீவில் வந்தபோது, ஹாஸ்டலில் மூன்று பேருக்குத் தானே ஃபெடோரா போட்டுக் கொடுத்ததாகச் சொன்னான். "வீடியோ?" என்று கேட்டேன்.

"அதைத்தான் மாமா முதல்ல சரிபண்ணிக் கொடுத்தேன். ஏன் ஓடலன்னு கேட்டானுங்க. பேட்டன்ட் பிரச்சினைடான்னு சொல்லிட்டேன்."