பச்சோந்தி நிறம் மாறுவது மறைவதற்காகவா?

கட்சி மாறுபவரை, காலத்துக்கு ஏற்றபடி பேசுபவரை "பச்சோந்தி" என்று ஏசுவது எங்கள் வழக்கம். இருக்கும் இடத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு தன்னை மறைத்துவிடும் பிராணி என்ற நம்பிக்கையே அந்த ஏச்சுக்குக் காரணம். பச்சோந்தியின் இயல்பான பச்சையும் மண்ணிறமும் இலைகளுக்குள் மறைந்திருக்க உதவுவது உண்மைதான். ஆனால் சிவப்புத் துணியில் விட்டால் அது சிவப்பாக மாறாது. அதன் நிறமாற்றம் பெரும்பாலும் உள்ளே இருப்பதை வெளியே காட்டிவிடுகிறது. குளிர், சூடு, கோபம், பயம், சினை, நோய் எல்லாம் தோலில் தெரியும்.

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறக்குறைய பாதி மடகஸ்காரில் வாழ்கின்றன. ஐரோப்பாவிலும் கனடாவிலும் செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் விற்கப்படுவது, தலையில் உயர்ந்த கொண்டை கொண்ட யேமன் பச்சோந்தி. யேமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் அதன் தாயகம்.

நிறம் எப்படி மாறுகிறது?

மடகஸ்காரின் ஓர் இனத்தை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015இல் இதற்கு விளக்கம் தந்தனர். தோலின் சில கலங்களுக்குள் குவானின் எனும் பொருளாலான மிக நுண்ணிய பளிங்குகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆண் பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் தெறிக்கின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறப்பொருளோடு அந்த நீலம் சேர, எங்கள் கண்ணுக்குப் பச்சை தெரிகிறது. இன்னொரு ஆணைக் கண்டு கிளர்ச்சியடைந்தால் பளிங்குகளின் இடைவெளி கூடும். அப்போது பச்சை மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாறும். இருண்ட நிறம் வருவது வேறு வழியில். கருநிறப்பொருள் கொண்ட கலங்களில் அந்தப் பொருள் பரவும்போது தோல் கறுக்கிறது.

நிறங்களை வாசித்தல்

காலையில் கறுத்திருந்தால் பயப்படத் தேவையில்லை. இருண்ட தோல் வெப்பத்தை விரைவாக உறிஞ்சும் என்பதால், குளிர்ந்த உடலைச் சூடாக்க அது அப்படிச் செய்கிறது. உடல் சூடானதும் நிறம் தெளியும். இரவில் நித்திரையில் வெளிறியிருப்பதும் இயல்பே. தோல் உரிக்கும் நாட்களில் மங்கி, வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

ஆணின் பட்டைகள் திடீரெனப் பிரகாசித்தால் அது போட்டியாளனைக் கண்டுவிட்டது. கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அந்தப் போட்டியாளனாக இருக்கலாம். நாங்கள் அழகென்று படம் எடுக்கும் நேரம், அது சண்டைக்கோ தற்காப்புக்கோ நிற்கும் நேரம். உடலை ஊதி, வாயைத் திறந்து சீறினால் கையை எடுத்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யேமன் பச்சோந்தி ஆண்களின் மோதல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். 2013இல் வெளியான அவர்களின் முடிவின்படி, தலையின் நிறம் வேகமாகவும் பிரகாசமாகவும் மாறும் ஆணே வெல்லும் வாய்ப்பு அதிகம். தோற்கும் ஆண் கறுத்துவிடும். "விட்டுவிடு, நான் போகிறேன்" என்பதே அதன் பொருள். காட்டில் அது விலகிப் போய்விடும். கூட்டுக்குள் போக இடமில்லை. ஒரே கூட்டில் இரண்டை வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

யேமன் பெண் பச்சோந்தி கரும்பச்சையாகி, மஞ்சள், நீலப் புள்ளிகள் காட்டினால் பெரும்பாலும் சினைப்பட்டிருக்கிறது. ஆணோடு சேராமலும் அது முட்டையிடும். தோண்டி முட்டையிட ஈரமான மணல் இல்லாவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சூடான பின்பும் நாள் முழுவதும் கறுத்தோ மங்கியோ இருப்பது, பகலில் கண்களை மூடியிருப்பது, கண்கள் குழி விழுவது, உணவை மறுப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். அதற்கு முன் வெப்பநிலை, புறஊதா மின்குமிழ், தண்ணீர் மூன்றையும் கவனியுங்கள். பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் கவனிக்காது. இலையில் நிற்கும் துளிகளையே குடிக்கும். அடிக்கடி கையில் தூக்குவதும் அதற்குத் துன்பமே.

எங்கள் மண்ணில்

இலங்கையின் உலர் வலயத்தில் வாழ்வது ஒரேயொரு பச்சோந்தி இனம். இந்தியாவிலும் அது உண்டு. பற்றைக்காடுகளில் மெதுவாக நடந்து பூச்சிகளைத் தின்னும் அதற்கு விஷம் இல்லை. வேலியில் அடிக்கடி காணும், கழுத்துச் சிவக்கும் ஓணான் வேறு பிராணி. இலங்கையில் பச்சோந்தி சட்டத்தால் பாதுகாக்கப்படுவதால் பிடித்து வளர்ப்பது குற்றமாகும். வீதியைக் கடக்கும்போது கண்டால் வாகனத்தை நிறுத்தி, ஒரு தடியில் ஏறவிட்டு, அது போகும் பக்கத்துப் பற்றையில் விட்டுவிடுங்கள். அப்போது அது கறுத்துச் சீறும். ஏமாற்றவல்ல, பயந்ததால்.