மழைத் தண்ணிக்குக் கட்டின சாக்கடையில் காலரா வந்த கதை

பெருமழை விட்டு நாலஞ்சு நாள் ஆனதும் எங்க ஓபி மாறிடும். வாந்தி, வயித்துப்போக்கு, காய்ச்சல். "டாக்டர், வெளியில எதுவுமே சாப்பிடலையே" என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் வெளியே போய்ச் சாப்பிடவில்லை. வெளியே ஓடியது தண்ணீரோடு வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அது எப்படி வருகிறது என்று புரிய, லண்டன் மாநகரத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

1815க்கு முன்பு லண்டனில் ஒரு விதி இருந்தது. தெருச் சாக்கடை மழைத் தண்ணீருக்கு மட்டும்தான். வீட்டுக் கழிவறையை அதில் இணைக்கக் கூடாது. அப்போ மலம் எங்கே போகும்? வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ செங்கல் வைத்துக் கட்டிய குழி இருக்கும். நிரம்பினால் ராத்திரியில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். வயலுக்கு உரமாகும். நாற்றம்தான், ஆனால் ஆற்றுக்குப் போகவில்லை.

பிறகு ஃப்ளஷ் கழிவறை வந்தது. ஒவ்வொரு தடவையும் வாளித் தண்ணீர் கொட்டினால் குழி தாங்குமா? வழிய ஆரம்பித்தது. 1815இல் தடையை விலக்கினார்கள், விரும்பியவர்கள் மழைச் சாக்கடையில் இணைத்துக்கொள்ளலாம் என்று. 1840களின் கடைசியில் அதுவே கட்டாயமானது. குழியை மூடு, சாக்கடையில் இணை.

இதை முன்னின்று செய்தவர்களில் முக்கியமானவர் எட்வின் சாட்விக். கெட்டவர் இல்லைங்க. ஏழைகள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்று ஆராய்ந்து 1842இல் அறிக்கை எழுதியவர். ஆனால் அன்றைய படித்தவர்கள் பலரையும் போல, நோய் கெட்ட காற்றால்தான் வருகிறது என்று உறுதியாக நம்பினார். வீட்டிலிருந்து நாற்றத்தை அகற்றினால் நோய் போய்விடும் என்று கணக்குப் போட்டார். சாக்கடைகளைத் தண்ணீர் விட்டு அலசி, எல்லாவற்றையும் தேம்ஸ் ஆற்றில் தள்ளினார்கள்.

நோக்கம் நல்லதுதான். டயக்னோசிஸ் தப்பு.

ஏன் தெரியுமா? லண்டனின் குடிநீர் கம்பெனிகள் பல அதே தேம்ஸில்தான் தண்ணீர் எடுத்தன. அதுவும் லண்டன் அருகே தேம்ஸ் கடல் ஏற்றம் வந்து போகும் ஆறு. காலையில் இறங்கிய அழுக்கு, ஏற்றத்தில் திரும்ப மேலே வரும். 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இங்கேதான் நம்ம துறைக்காரர் ஒருவர் வருகிறார். ஜான் ஸ்னோ. காலரா காற்றில் அல்ல, குடிக்கும் தண்ணீரில் பரவுகிறது என்றார். 1854இல் காலரா மறுபடி வந்தபோது, தெற்கு லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்த இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டார். ஒன்று நகரத்துக்குள்ளேயே, கழிவு கலந்த பகுதியில் நீர் எடுத்தது. இன்னொன்று 1852இலேயே நீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பகுதிக்கு மாற்றியிருந்தது.

முதலாவதில் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. இரண்டாவதில் 37.

அதே தெரு, அதே காற்று. வேறாக இருந்தது தண்ணீர் மட்டும்தான். ஆனாலும் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1858 ஜூன் 16, ஸ்னோ 45 வயதில் இறந்தார். அதே மாதம் வெயிலில் தேம்ஸ் நாறியது. பார்லிமென்ட் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உட்கார முடியவில்லை. ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு அசையாத சட்டம், மூக்கைப் பிடித்துக்கொண்டு சில வாரங்களில் நிறைவேறியது.

பொறியாளர் ஜோசப் பாசல்கெட் ஆற்றோரமாக 132 கிலோமீட்டருக்குப் பெருஞ்சாக்கடைகள் கட்டினார். கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விட்டன. 1866இல் காலரா திரும்ப வந்தபோது அதிகம் செத்தது கிழக்கு லண்டனில், 5,500 பேருக்கு மேல். அந்தப் பகுதியில் மட்டும் வேலை முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு லண்டனில் காலராக் கொள்ளைநோய் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

காரணம், மழைத் தண்ணீரும் மலமும் இன்னும் ஒரே குழாயில்தான் ஓடின. பெருமழை பெய்தால் குழாய் தாங்காது. வீடுகளுக்குள் எதிர்த்து வராமல் இருக்க, மிஞ்சியது அப்படியே ஆற்றில் வழியும்படி திறப்புகள் வைத்தார்கள். அன்று அது எப்போதாவது நடந்தது. ஊர் பெருகியது, மண் தரையெல்லாம் சிமெண்ட்டாகவும் தாராகவும் மாறியது. நம் காலத்தில் சாதாரண மழைக்கே வழிந்து, ஒரு சராசரி வருடத்துக்குச் சுமார் 4 கோடி டன் கலங்கிய கழிவு தேம்ஸில் போனது. அதைப் பிடிக்க 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சதச் சுரங்கம் தோண்டி, 2025 பிப்ரவரியில்தான் முழுதாக இணைத்து முடித்தார்கள்.

1815இல் கொடுத்த ஒரு அனுமதி. 210 வருடம் கழித்தும் செலவு.

சரி டாக்டர், லண்டன் கதை நமக்கெதுக்கு என்கிறீர்களா?

சென்னையில் நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. இங்கே மழைநீர் வடிகால் தனி, அது மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய் தனி, அது மெட்ரோ வாட்டர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகாலோ எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராகக் கூவத்துக்கும் அடையாறுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் போகும். மழைத் தண்ணிதானே என்ற நம்பிக்கையில் கட்டியது.

ஆனால் வெயில் கொளுத்தும் மே மாதத்தில் உங்க தெரு வடிகால் மூடியை எட்டிப் பாருங்க. உள்ளே கறுப்பாக ஓடுகிறதா? மழையே இல்லாமல் அது எங்கிருந்து வந்தது? யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குழாயைச் செருகியிருக்கிறார்கள். லண்டன் சட்டம் போட்டுச் செய்ததை, நாம் சட்டத்தை மீறிச் செய்கிறோம். மழையில் அந்த வடிகால் நிரம்பித் தெருவில் வழிந்தால், தரைத்தொட்டியிலும் உடைந்த குடிநீர்க் குழாயிலும் கலப்பது அதுதான். டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் வரும் வழி அது.

மருத்துவராக நான் சொல்ல வேண்டியது: மழைக்காலத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயித்துப்போக்கு என்றால் உடனே ஓஆர்எஸ் ஆரம்பியுங்கள். காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். இறங்கிய பின் காய்ச்சல் வந்தால் அந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. உங்க வீட்டு, உங்க அபார்ட்மென்ட் கழிவுக் குழாய் எதில் போய்ச் சேருகிறது? இன்றைக்கே விசாரித்துப் பாருங்க.

பயனுள்ளதாக இருந்தால் உங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.