குதிரையும் கணக்கும்

நளன் கதை அறியாத தமிழ் இல்லம் இல்லை. சூதாடி நாடிழந்த அம்மன்னன், பின்னாளில் இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாய் அமர்ந்தான். வழியிலே நின்ற தான்றி மரத்தின் காய்களை, எண்ணாமலே தொகை சொன்னான் இருதுபன்னன். நளன் தானறிந்த பரிநூலை அவனுக்கு ஈந்து, எண்ணின் நூலை மாற்றாகப் பெற்றான். அதன் பின்னரே கலி அவனை விட்டகன்றது. குதிரையின் உள்ளமறிந்தவனையும் கணக்கறியாமை கெடுத்தது என்பதே இக்கதையின் கருத்து.

பாலசமுத்திரத்தில் வாழும் நம் குடும்பங்கள் இக்கருத்தை இன்று நினைத்தல் நன்று. "அதிர்ஷ்டத்தை நம்பவில்லை, கணக்குப் பார்த்தே கட்டினேன்" என்று கூறிப் பள்ளிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் ரேசில் இழந்தோர் எவ்வூரிலும் உளர். அந்தக் கணக்கின் வரலாற்றையே ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக் கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயர் குதிரைகளை ஓடவிட்டனர். 1896இல் சென்னைப் பந்தயக் கழகம் ஐம்பது உறுப்பினருடன் அமைந்தது. துரைமாரின் பொழுதுபோக்கு நாளடைவில் எழுத்தர், வணிகர், தொழிலாளர் ஆகியோரின் ஆசையாயிற்று. 1949இல் குதிரைப் பந்தயத்தின்மீது பணம் கட்டுவதையும் சூதாகக் கருதும் திருத்தம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அந்நாளில் நம் சித்தூரும் அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. 1953 அக்டோபர் முதல் நாளன்றுதான் அது ஆந்திர மாநிலத்துடன் இணைந்தது. ஆயினும் அத்திருத்தம் நெடுங்காலம் நடைமுறைக்கு வாராமல் ஏட்டிலேயே கிடந்தது.

1974இல் தமிழக அரசு பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கழகம் நீதிமன்றத்தை நாடிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வழக்கில், 1996 ஜனவரி 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, ஆதலின் அது சூதாகாது. குதிரையின் வமிசம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை ஆராய்ந்தே பணம் கட்டப்படுகின்றது என்பது அத்தீர்ப்பின் சாரம். பந்தயம் கட்டுவோர் பலர் இத்தீர்ப்பைத் தமக்கு வழங்கிய நற்சான்றாகவே கொண்டனர். திறமை உண்டென்பது மெய். ஆனால் திறமை உண்டாதல் வேறு, ஆதாயம் உண்டாதல் வேறு.

இனி, உபாயங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, இரட்டிப்பு முறை. தோற்றால் அடுத்த பந்தயத்தில் இருமடங்கு கட்டுவது இதன் வழி. பத்து ரூபாயில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் இழப்பு 10,230 ரூபாய். பதினோராம் முறை 10,240 ரூபாய் கட்டி, சமவிலைக்கு வென்றாலும் மிஞ்சுவது முதலில் கருதிய பத்து ரூபாயே!

இரண்டாவது, நெடுவிலைக் குதிரையை நாடுவது. ஒன்றுக்கு ஐம்பது கிடைக்குமென்னும் மயக்கம் இது. 1949இல் அமெரிக்க உளநூலறிஞர் கிரிஃபித் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்து, வெல்லும் வாய்ப்பு அருகிய குதிரைகள்மீதே மக்கள் தகுதிக்கு மேல் பணம் கட்டுகின்றனர் எனக் கண்டார்.

மூன்றாவது, நன்றாக ஓடிய குதிரையைப் பின்பற்றுவது. வென்ற குதிரைக்கு மறுமுறை எடை கூட்டப்படுகின்றது. மேலும், அக்குதிரையின் பெருமை எல்லாருக்கும் தெரிந்தமையால் விலையும் குறைந்துவிடுகின்றது. யாவரும் அறிந்த செய்தியால் ஒருவர் தனியே ஆதாயம் பெறுதல் அரிது.

இவை அனைத்துக்கும் மேலே நிற்பது பொதுத்தொகையின் கணக்கு. 1860களில் பாரிஸ் நகரில் ஓலேர் என்பார் வகுத்த முறை அது. நம் நாட்டில் "டோட்" என வழங்குவதும் அதுவே. நூறு பேர் பத்து ரூபாய் வீதம் கட்டினால் ஆயிரம் சேரும். கழிவும் வரியுமாக இருநூறு போயின என்று வைத்துக்கொள்வோம். வென்றோர் பகிர்ந்துகொள்வது எண்ணூறே. ஆகவே, கூட்டத்தில் ஒருவரைவிடச் சிறிது அறிந்திருத்தல் போதாது. கழிவையும் வெல்லுமளவு மிக அறிந்திருத்தல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்தின்மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்தது. பாரம் இன்னும் கூடியதன்றிக் குறையவில்லை.

வென்றவர் எவருமிலரோ? உளர். 1980களில் ஹாங்காங்கில் பில் பெண்டர் கணிப்பொறி கொண்டு பெரும் பொருள் ஈட்டினார். அதற்கு ஆண்டுக்கணக்கான தரவும், பெரு முதலும், பல உதவியாளரும் வேண்டியிருந்தன. மாலைப்பொழுதில் ரேஸ் புத்தகத்தைப் புரட்டும் குடும்பத்தலைவரிடம் இவற்றுள் எது உளது?

1956இல் அமெரிக்க அறிஞர் கெல்லி, பணயத்தின் அளவை வரையறுக்கும் சூத்திரமொன்றை வெளியிட்டார். தனக்கு மேலதிக வாய்ப்பு இருக்கும் அளவுக்கு ஏற்பவே முதலில் ஒரு பங்கைக் கட்டவேண்டும் என்பது அது. அவ்வாய்ப்பு இல்லையேல்? சூத்திரம் தரும் விடை சுழியம். அதாவது, கட்டாதே என்பது.

2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை நீக்கி, சற்றேறக்குறைய 160 ஏக்கர் கிண்டி நிலத்தைக் கையகப்படுத்த முற்பட்டது. மீண்டும் வழக்கு எழுந்தது. நிலத்தின் வழக்கை மன்றம் முடிக்கும். வீட்டின் வழக்கை முடிக்க வேண்டியவர் நாமே. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிற்காலக் கணித நூலாரும் அவர் வழியிலேயே வந்து நின்றனர். எண்ணின் நூலை நளன் இழந்த பின் கற்றான். நம் இல்லத்து இளைஞர் இழக்குமுன் கற்பாராக.