வண்டல் வகுத்த வழி

தஞ்சையை நெற்களஞ்சியம் என்று புகழ்கிறோம். அக்களஞ்சியத்தின் தரை எங்கிருந்து வந்தது என்று கேட்பது அரிது. குடகு மலையிலும் மைசூர் மேட்டு நிலத்திலும் மழை அரித்த மண்ணைக் காவிரி தன் வெள்ளத்தில் சுமந்து வந்து, வேகம் தளர்ந்த இடத்தில் இறக்கி வைத்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாறு படிந்த வண்டலே இன்றைய கழனி.

ஆயினும் வண்டல் வரம் மட்டுமன்று. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையான கொள்ளிடம் நல்ல சரிவில் கடலை நோக்கி விரைகிறது. காவிரி என்றே பெயர் தாங்கும் தென்கிளைக்குச் சரிவு குறைவு. நீர் மெல்ல நடந்தால் மண் தங்கும். மண் தங்கத் தங்க ஆற்றின் படுகை உயரும். உயர்ந்தபின் வெள்ளம் தாழ்ந்த கொள்ளிடத்தையே நாடும். திருவரங்கத் தீவின் கீழ்முனையில், காவிரி நீர் கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் காத்து நிற்பது கல்லணை. கரிகாலனைப் போற்றும் நாம் ஆற்றில் சேர்ந்த மணலை நினைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைவாய் தூர்ந்து, தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. மணலை வாரியும் கரையை உயர்த்தியும் தீரவில்லை.

1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். மணல் வெளியேற மதகுகளும் வைத்தார். ஆழம் காணாத மணலில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டவரிடமே கற்றதாக அவர் பின்னர் எழுதியது கருதத்தக்கது. விளைவோ விந்தையானது. சில ஆண்டுகளிலேயே காவிரிக்கு நீர் மிகுந்து, தூர்ந்து கிடந்த படுகை அரிக்கத் தொடங்கியது! மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைவாயில் ஒரு தடுப்புக் கட்டவும் வேண்டியதாயிற்று.

காட்டனின் பெயர் நிலைத்தது. மண்வெட்டியும் கூடையுமாக வாய்க்கால்களைத் தூர்வாரியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், ஏரி, ஆறு, கால்வாய்களின் கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், அருகிலுள்ள உழைக்கும் வகுப்பினரை அழைத்து வேலை வாங்க வழி செய்தது. அவர்களுள் பலர் ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1934-இல் மேட்டூர் அணை எழுந்தது. அதற்குச் சற்று முன் கிருஷ்ணராஜசாகர். தேங்கிய நீரில் மண் அடியில் அமர்ந்துவிடும். ஆடியில் செங்கலங்கலாய் வந்த புதுப்புனல் மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளிந்த நீர் கண்ணுக்கு அழகு. வயலுக்கு அது பழைய விருந்தாளி அல்லன். 2017-இல், அணை கட்டி எண்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், மேட்டூரில் படிந்த வண்டலை உழவர்கள் அள்ளிச்செல்ல அரசு இசைந்தது. அது வண்டியேறிப் பக்கத்து ஊர்களின் நிலங்களைச் சேர்ந்தது. முன்பு ஆறே சுமந்து வந்து போட்ட மண்ணை, கடைமடை வரை வாடகை கொடுத்து ஏற்றி வர எந்த உழவரால் இயலும்?