ஸ்பைடர்மேனுக்கு வேட்டி கட்டியவர்கள்

மக்களே, இந்த முறை ஜி.எஸ்.டி.யும் இல்லை, ஷேர் மார்க்கெட்டும் இல்லை. காமிக்ஸ். அதுவும் ஊத்திக்கொண்ட காமிக்ஸ் :-)

2004-ல் இந்தியாவுக்கென்றே ஒரு ஸ்பைடர்மேன் வந்தார். பெயர் பவித்ர் பிரபாகர். (பீட்டர் பார்க்கர் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், புரியும்.) கிராமத்திலிருந்து மும்பைக்குப் படிக்க வந்த ஏழைப் பையன். மேரி ஜேன் இங்கே மீரா ஜெயின் ஆனாள், பென் மாமா பீம் மாமா ஆனார். மேலே அதே முகமூடி, கீழே வேட்டி. சிலந்தி கடித்து சக்தி வரவில்லை, ஒரு யோகி கொடுத்தார். மார்வெலிடம் உரிமை வாங்கி இதைச் செய்தது கோதம் காமிக்ஸ். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகிய மூன்று பேரின் கைவண்ணம். மொத்தம் நாலே இதழ். அவ்வளவுதான்.

நாலு இதழோடு நின்றாலும் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்தவன் ஹீரோவுக்கு ஏன் வேட்டி கட்ட வேண்டும், நம்ம ஹீரோவையே செய்வோமே என்று 2006-ல் வர்ஜின் காமிக்ஸ் ஆரம்பித்தார்கள். பணமும் பெயரும் ரிச்சர்ட் பிரான்சனுடையது. கூட தீபக் சோப்ரா, இயக்குநர் சேகர் கபூர். ஆபீஸ் நியூயார்க்கில், வரைகிற ஸ்டூடியோ பெங்களூரில்.

புத்தகங்கள் சோடை போகவில்லை. 'தேவி'யை வரைந்தவர் முகேஷ் சிங், 'ராமாயண் 3392 ஏ.டி.'யை வரைந்தவர் அபிஷேக் சிங். இரண்டு பேருடைய பக்கங்களையும் பார்த்தால் கதையை விட்டுவிட்டு படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். 'ஸ்நேக் வுமன்' இன்னொரு ரகம். லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் ஒரு சாதாரணப் பெண்ணுக்குள் நாக சக்தி. மைக்கேல் கெய்டோஸ் அதைத் தெருவில் பார்க்கிற மனிதர்களைப் போலவே வரைந்தார்.

அப்புறம் என்ன ஆச்சு?

திருப்பூர்க்காரர்களுக்கு உடனே புரியும். தைப்பது இங்கே, லேபிள் வெளிநாட்டுக்காரனுடையது, விலை டாலரில். வர்ஜின் காமிக்ஸும் அப்படி ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்தான். முதல் சந்தை அமெரிக்கா. இதில் தப்பில்லை, திருப்பூரே அப்படித்தானே வளர்ந்தது! ஆனால் பனியனுக்கு இல்லாத சிக்கல் காமிக்ஸுக்கு உண்டு. அமெரிக்கக் கடைக்காரருக்கு தேவி யார் என்று தெரியாது. எனவே தெரிந்த பெயர்கள் தேவைப்பட்டன. ஜான் வூ, கை ரிச்சி, நிக்கோலஸ் கேஜ் என்று ஒவ்வொரு ஹாலிவுட் பெயராக அட்டையில் ஏறியது. காமிக்ஸ் வந்தால் அப்படியே படமாகவும் எடுக்கலாம் என்பது கணக்கு. இந்திய ஹீரோ என்று ஆரம்பித்த கம்பெனி 2007-ல் பிரிட்டனின் பழைய விண்வெளி வீரன் டான் டேரை விற்றுக்கொண்டிருந்தது.

2008 ஆகஸ்டில் நியூயார்க் ஆபீஸைப் பூட்டினார்கள். அதே ஆண்டு நிர்வாகத்தில் இருந்தவர்களே கம்பெனியை வாங்கி லிக்விட் காமிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பொருளாதார மந்தம் என்று காரணம் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. மீதிப் பாதி அந்த அட்டைகளிலேயே இருக்கிறது.

மார்வெலே 1986-ல் இதே குழியில் விழுந்தது. 'நியூ யுனிவர்ஸ்' என்று எட்டுத் தொடர்கள். உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற அதே உலகம், கடவுள் இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை, சாதாரண மனிதர்களுக்குத் திடீரென்று சக்தி வருகிறது, அவ்வளவுதான் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஆரம்பிக்கும் முன்பே பட்ஜெட்டை வெட்டினார்கள். திட்டத்தின் மூளையான ஜிம் ஷூட்டர் 1987-ல் வேலையை இழந்தார். நாலு தொடர்கள் சுமார் ஒரு வருஷத்திலேயே காலி. மிச்சத்தைக் காப்பாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? பிட்ஸ்பர்க் நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள்! ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பிட்ஸ்பர்க் பத்திரமாக இருக்கிறது. இனி எந்த வாசகன் அதைத் தன் உலகம் என்று நம்புவான்? 1989-ல் எல்லாம் முடிந்தது.

இந்த இடத்தில் சிவகாசி ஞாபகம் வராமல் இருக்குமா? 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் புத்தகமாக 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. அது பிரிட்டிஷ் சரக்கு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன். அவருக்கு யாரும் வேட்டி கட்டவில்லை, நம்ம ஊர் ஆள் என்று சொல்லவும் இல்லை. நல்ல தமிழில், கைக்காசுக்கு எட்டுகிற விலையில் கொடுத்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஐம்பது வயசு தாண்டிய மாமாக்களிடம் மாயாவி என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நான் கேட்டபோது 'தேவி'யை யாருக்கும் தெரியவில்லை. மாயாவி என்றதும், வந்தால் எடுத்து வைக்கிறேன் தம்பி என்றார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அந்த ஆட்கள் சளைத்தவர்கள் இல்லை. தேவராஜனும் ஜீவன் காங்கும் பிறகு கிராஃபிக் இந்தியா மூலம் 2021-ல் 'தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்' அனிமேஷன் தொடரைக் கொண்டுவந்து பல சீசன்கள் ஓட்டினார்கள். ஹனுமான் யார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பவித்ரும் திரும்பி வந்தான். 2023-ல் 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் தியேட்டரே கைதட்டியது. அந்தச் சூட்டோடு மார்வெல் அவனுக்கு ஐந்து இதழ்களில் ஒரு புதுத் தொடர் போட்டது. எழுதியவர் நிகேஷ் சுக்லா, பிரிட்டிஷ் எழுத்தாளர்.