பேசாலையும் ஐரோப்பிய மத்திய காலமும்

மத்திய காலக் கிறித்தவம் ஐரோப்பியச் சமுதாயத்தை உருவாக்கிய வரலாற்றைத் தொலைதூரத்துக் கதையெனத் தமிழர் கருதுதல் தவறு. மன்னார்த் தீவின் மீனவர் ஊராகிய பேசாலைக்குப் பெயர் தேடித்தந்த உடக்குப் பாஸ் அக்காலத்தின் ஒரு கூற்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. கிறிஸ்துவின் பாடுகளைச் சிலைகளைக் கொண்டு நிகழ்த்தும் இக்கலையின் மூலத்தை ஆராய்வோர், ஐரோப்பிய நகரச் சதுக்கங்களிலே தொழிற் சங்கத்தார் நடத்திய நாடகங்களிற் சென்று முடிவர். இலத்தீன் அறியாத உழவனுக்கும் கைவினைஞனுக்கும் அந்நாடகமே வேதநூலாயிற்று.

ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்தபின், ஏடுகளைப் படியெடுத்துக் கல்வியைக் காத்தவை துறவி மடங்கள். பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. அராபியர் வழியாகவும் வந்து சேர்ந்த அரிஸ்டோட்டிலின் தத்துவத்தை விசுவாசத்தோடு இணைத்தார் தோமஸ் அக்குவைனாஸ் (1225-1274). 1077இல் நான்காம் ஹென்றி மன்னன் கனோசாவிலே பாப்பரசரின் வாயிலிற் காத்து நின்றபோது, மன்னனின் ஆணைக்கும் ஓர் எல்லை உண்டென்பது உலகறியலாயிற்று.

ஆயினும் அதே திருச்சபை பெருநிலக்கிழாராகவும் விளங்கிற்று. பண்ணையடிமையின் உழைப்பிலே அதன் களஞ்சியங்கள் நிறைந்தன. மாற்றுக் கருத்துடையோரை விசாரணை மன்றங்கள் வதைத்தன. 1455இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ், பிறர் நாடுகளைக் கைப்பற்றும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்கு வழங்கினார்.

இவ்விரு முகங்களும் ஒரே கப்பலில் மன்னாருக்கு வந்தன. 1544இல் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். மதமாற்றத்திலே அந்நியருக்கு அடிபணியும் அரசியலை அவன் கண்டான். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றினர். இரு அதிகாரங்களும் மோதியபோது இரத்தம் சிந்தியவர் எளிய மக்களே.

அம்மக்களின் நம்பிக்கை பறங்கியரின் வாளை மட்டுமே சார்ந்திருந்ததாயின், 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபோதே அது அழிந்திருத்தல் வேண்டும். கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்பதும் குற்றமாயிற்று. ஆயினும் அது அழியவில்லை. 1687இல் கோவையிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசேவாஸ் அடிகளாரை மக்கள் மறைத்துக் காத்தனர். அவர்வழி வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலே நூல்கள் எழுதினார். 1806இல் ஆங்கிலேயர் அத்தடைச் சட்டங்களை நீக்கும்வரை, அரசு துணையின்றியே, அரசை எதிர்த்தே அந்நம்பிக்கை வாழ்ந்தது. கனோசாவிலே பாப்பரசர் அதிகாரத்தின் பெயரால் நாட்டிய எல்லையை, இங்கே அதிகாரமற்றோர் மனச்சாட்சியின் பெயரால் நாட்டினர்.

மத்திய காலம் உலகுக்குத் தந்த மற்றொரு நெறியும் உண்டு. கோயிலுள் புகுந்தவனைத் தொடலாகாது என்ற அடைக்கலமே அது. 2006 ஜூன் 17ஆம் நாள், போருக்கஞ்சிப் பேசாலை வெற்றி அன்னை ஆலயத்திலே தஞ்சம் புகுந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு மூதாட்டி உயிர் நீத்தார், பலர் காயமுற்றனர்.

இருண்ட காலம் என்று நாம் எளிதிற் பெயரிட்ட காலமும் ஏட்டளவிலேனும் போற்றிய நெறி அது. அதை மிதித்த நம் காலத்துக்கு என்ன பெயர் இடுவது?